மேயாத வாத்துகள்

அவர் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆகியும் வாத்துகள் மேய ஆரம்பிக்கவில்லை.

பறவை பார்க்கும் குடிலின் பலகைச் சுவரில் நீளவாக்கில் விட்டிருந்த இடுக்கு வழியாக, முக்காலியில் நின்ற தொலைநோக்கியில் கண்ணைப் பொருத்தி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பனிமூட்டம் நீர்த்தேக்கத்தின் மேல் தாழப் படிந்திருந்தது. அதற்கு அடியில், கோரைப்புல் ஓரமாக, குளிர்காலத்துக்கென்று எங்கிருந்தோ பறந்து வந்த வாத்துகள் கூட்டங்கூட்டமாக மிதந்தன. ஒன்றாவது தலையை நீருக்குள் விட வேண்டுமே, ஊஹூம். ஒரு சின்னச் சத்தம்கூடக் கிடையாது.

பறவைகளுக்கு எண்ணத் தெரியாது என்று கணவர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் குடிலுக்குள் நுழைவதைப் பார்த்தால் அவை ஒதுங்கிவிடும். அதில் ஒருவர் மட்டும் நன்றாகத் தெரியும்படி வெளியே நடந்து போனால், குடில் காலி என்று நம்பிக் கரைக்கு வந்துவிடும். பறவை பார்க்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தந்திரம்தானாம். அந்த நடந்து போகிற ஆள் நான்தான் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவள் தங்கை அவருக்குக் கொக்கு என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

"கரை மேல கொஞ்ச தூரம் போயிட்டு வந்துடறேன். நீ அசையாம உக்காந்திரு. இருமல், தும்மல் எதுவும் கூடாது."

"வேகமா நடக்காதீங்க. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"ஓட மாட்டேன் தாயே. வாத்துகூட பந்தயமா விடப் போறேன்?"

போன கோடையில்தான் அவர் நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து அவர் மாடிப்படி ஏறினால்கூட அவள் பின்னாலேயே நிற்பாள். பறவைமேல் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை. தனியாக அனுப்ப மனம் வராமல்தான் கூட வந்தாள். போன மனிதரை முழுசாக வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் கவலை அவ்வளவுதான்.

வாத்துகளுக்குத் தெரியட்டும் என்று அவர் சீட்டி அடித்துக்கொண்டே போனார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்குத் தெரிந்தது ஒரே மெட்டு. அதிலும் மேலே ஏற வேண்டிய இடத்தில் தவறாமல் சறுக்குவார். பனிக்குள் அவர் மறைந்த பிறகும் அந்தச் சறுக்கல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எதிரில் இருப்பவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதுபோல் நடிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பழக்கத்தில்தான் ஒரு வாத்தின் கண்ணை உற்றுப் பார்த்தாள். அது தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மேல்நோக்கித் திருப்பியிருந்தது. பருந்து வட்டமிட்டால் அப்படித்தான் பார்க்கும் என்று அவர் முன்பே காட்டியிருக்கிறார். வானத்தில் பருந்து இல்லை. அடுத்த வாத்தைப் பார்த்தாள், அதற்கு அடுத்ததையும். எல்லாமே ஒரே மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு குடிலைத்தான் பார்த்தன. ஆனால் அவள் கண் வைத்திருந்த இடுக்கை இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே.

கூரையை.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் காதில் ஏறியது. ஈரப் பாயை மெதுவாக இழுப்பது போன்ற சத்தம். வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, காற்று என்று அவளே நினைத்து விட்டுவிட்டாள். கூரை நாணலிலிருந்து தூசி உதிர்ந்து அவள் புறங்கையில் விழுந்தது. கூடவே ஒரு வாடை, பூ ஜாடியில் பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. குரங்காக இருக்கும், பக்கத்திலேயே காப்புக்காடு இருக்கிறதே என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். கூரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராகத் தொய்ந்திருந்தது.

குரங்கு இல்லை. ஏதோ ஒன்று கூரை முழுக்கப் படுத்திருக்கிறது.

அதுவும் அவர் வெளியே போனதைப் பார்த்திருக்கிறது. குடில் காலி என்று நம்பித்தான் ஏறியிருக்கிறது. அவள் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. அசையாமல் இருந்தால் போதும். வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள்.

சீட்டி கேட்டது.

அப்பாடா என்று இருந்தது. வந்துவிட்டார். அந்த நிம்மதி பாதியிலேயே நின்றது. சத்தம் கரைப்பக்கமிருந்து வரவில்லை. தலைக்கு மேலிருந்து வந்தது. மெதுவாக, சளி கட்டிய தொண்டையிலிருந்து வருவதுபோல. மேலே ஏற வேண்டிய இடத்தில் அதே சறுக்கல்.

பனிக்குள்ளிருந்து அவர் உருவம் வெளியே வந்தது. கையை ஆட்டினார். சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்ன, சீட்டியெல்லாம் அடிக்கக் கத்துக்கிட்டியா?"

கூரை மறுபடி சீட்டி அடித்தது. அவர் பதிலுக்கு அடித்தார். நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

தொய்வு நகர்ந்தது. கூரை முழுக்கப் பரவிக் கிடந்தது கரைப்பக்க மூலையில் வந்து குவிந்தது. அங்கே நாணல் படபடவென்று முறிந்தது. பூனை பாய்வதற்கு முன் பின்னங்காலில் பதுங்குமே, அப்படி.

வாயைத் திறக்காவிட்டால் அவள் பிழைப்பாள். திறந்தால் அவர் பிழைப்பார். ஒரு மூச்சு நேரம் அவள் பேசாமல்தான் இருந்தாள். அந்த ஒரு மூச்சுக்காக அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

"கிட்ட வராதீங்க," என்று கத்தினாள். "ஓடுங்க. திரும்பிப் பாக்காம ஓடுங்க."

சீட்டி நின்றது.

அவரும் நின்றார். கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தார். தொலைநோக்கியில் அவர் முகம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. பைனாகுலர் கூரையை நோக்கி இருந்தது. வாய் திறந்தது. மூடவில்லை. கை தானாகக் கீழே இறங்கியது.

திரும்பி ஓடினார். நீளக் கால்களைத் தாறுமாறாக வைத்து, ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு ஓடினார். பனி அவரை மூடிக்கொண்டது. ஓடட்டும் என்று நினைத்தாள். மனதார நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

கூரையில் சத்தமே இல்லை.

பின்னால் திரும்பத் தைரியம் வரவில்லை. பின்சுவர்க் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. தொலைநோக்கியை வாத்துகள் பக்கம் திருப்பினாள். அவற்றின் கண்ணை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

தலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் ஒன்றாக. பார்வை கூரையிலிருந்து சுவருக்கு வந்தது. சுவரிலிருந்து மூலைக்கு.

மூலையில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு ஒரு வாத்து கழுத்தைத் தளர்த்தியது. நீருக்குள் தலையை விட்டது. அடுத்தது. அதற்கு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் நீர்த்தேக்கம் முழுக்கச் சளசளவென்று மேய்ச்சல் சத்தம். போய்விட்டது, காட்டுக்கே போய்விட்டது என்று அவள் நெற்றியைத் தொலைநோக்கியில் சாய்த்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

எதிரே பலகைச் சுவர் வெளுத்தது.

கதவு திறந்த வெளிச்சம். அதில் அவள் நிழல் விழுந்தது, முக்காலியின் நிழலும். அவற்றுக்குப் பின்னாலிருந்து இன்னொரு நிழல் எழுந்தது. முக்காலியை மூடியது. அவளை மூடியது. சுவர் வழியே மேலே ஏறி, அங்கேயும் நிற்காமல், கூரையின் உட்புறத்தில் மெல்லப் பரவத் தொடங்கியது.