அசையாதவளிடம் சொன்னது

சாரல்... காற்று... படகுத்துறையில் ஒரு குடை பறந்து வந்து ஷிஹோவின் வாளியில் மோதியது. வாளி சாய்ந்தது. உள்ளேயிருந்த பேத்தை மீன் பலகையில் விழுந்து, கோபத்தில் பந்தாக உப்பியது.

மன்னிப்புக் கேட்டபடி ஓடிவந்தவன், காற்று வலுக்குமுன் வந்த கடைசிப் படகில் இறங்கிய குரோகி. தீவின் சின்ன மருந்தகத்துக்குப் புது நர்ஸ். மழை சொட்டும் இமைகளுக்குள் எவ்வளவு கறுத்த கண்கள்... ஷிஹோ அவசரமாகப் பார்வையைத் திருப்பினாள்.

மீனைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "இதை அறுக்க உரிமம் வேணும். ஈரலை மட்டும் தொட்டுடாதீங்க. அதோட விஷம் நரம்பையே கட்டிப்போட்டுடும்."

"படகை விட்டு இறங்கி இன்னும் காலே காயல... தீவுக்காரிக்கு மீன் பாடமா?"

அவன் காது மடல்வரை சிவந்தான். வீடு சேரும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்பாவே மீனை அறுத்தார். தீவில் உரிமத்தை யார் கேட்கப்போகிறார்கள்? ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் விஷம் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. சதையைத் தனக்கு வைத்துக்கொண்டு, ருசியான ஈரலைச் செல்ல மகளின் கிண்ணத்தில் இட்டார்.

சற்று நேரத்தில் உதடு விறுவிறுத்தது. பிறகு நாக்கு... விரல் நுனி... குரோகி சொன்னது ஷிஹோவுக்கு நினைவு வந்தது. அவனிடம் ஓடலாமா? கேலி செய்த இதே வாயோடா? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக் குச்சிகள் கையிலிருந்து நழுவின. எழ முயன்றாள். கால்கள் இருந்த இடமே தெரியவில்லை.

அப்பா அவளை முதுகில் சுமந்து, அவள் பெயரைக் கூவியபடி மழையில் ஓடினார். மருந்தகக் கட்டிலில் கிடத்தியபோது இமைகூட அவள் சொல் கேட்கவில்லை. கத்தினாள்... குரல் உள்ளேயே நின்றது. மூச்சு மெலிந்து, மெலிந்து... நின்றேபோனது.

குரோகி அவள் முகத்தில் முகமூடியை அழுத்தி, மூச்சுப் பையைப் பிழியத் தொடங்கினான். காற்று தணிந்தால்தான் எதிர்க்கரை நகரமான ஷிமோனோசெகியிலிருந்து மீட்புப் படகு வரும்.

அப்பா குலுங்கி அழுதார். அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "போயிட்டா தம்பி... போதும், விட்டுடு."

இல்லை அப்பா... இருக்கிறேன்... இங்கேதான் இருக்கிறேன்...

"கையை எடுங்க" என்றான் குரோகி. "மூளை முழிச்சுதான் இருக்கு. கட்டளை அனுப்பிக்கிட்டேதான் இருக்கு. நரம்புல கதவு அடைச்சிருக்கு, தசைக்குப் போய்ச் சேரல. இதயம் தானா அடிச்சுக்கும். மூச்சு அப்படி இல்ல, அதுக்கு நரம்பு வேணும். கதவு திறக்குறவரைக்கும் நான் விடுறேன் மூச்சு. அவங்களுக்கு எல்லாம் கேக்குது."

காற்றில் கூரை அதிர்ந்தது. பை எழுப்பிய ஓசை தடுமாறியது. அவன் கைகள் களைத்துவிட்டன என்று அவளுக்குப் புரிந்தது. இந்த ஓசை நின்றால்...

அவன் குரல் காதருகே வந்தது. "எனக்கும் பயமா இருக்கு, ஷிஹோ-சான். துறையில நீங்க என்னைச் சீண்டினப்ப, இந்த ஊர்லயே இருந்துடலாம்னு தோணுச்சு. இன்னும் எவ்வளவோ திட்டு வாங்கணும் உங்ககிட்ட... போயிடாதீங்க."

படகு வந்து சேரும்வரை அவன் பேச்சும் நிற்கவில்லை, பையும் நிற்கவில்லை.

மறுநாள், ஷிமோனோசெகி மருத்துவமனையில், விஷம் வடிந்து மூச்சு மறுபடி அவளுடையதானது. மாலையில் குரோகி வந்தான். வீங்கிய மணிக்கட்டை மறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, பயத்தில் என்னென்னவோ உளறிவிட்டதாகவும் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாமென்றும் முணுமுணுத்தான். குனிந்து வணங்கிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினான்.

ஷிஹோவுக்கு நேற்றைவிடப் பெரிய பயம் வந்தது. இப்போது வாய் இருந்தும் பேசாமல் விட்டால்...

"பெரிசாத்தான் எடுத்துக்கிட்டேனே" என்றாள் கரகரத்த குரலில். "நேத்து பூரா உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். உங்களுக்குத்தான் கேக்கல."

அவன் திரும்பினான். "என்ன பதில்?"

"இந்தக் குரல் நின்னா நானும் நின்னுடுவேன்னு..." அவள் கண்கள் நிறைந்தன. "இப்பவும் அப்படித்தான் இருக்கு."