தெருவில் ஒரு ஆள் குறைவு

1963 மார்ச். காலை 7.10.

எம். புதுப்பட்டியில் பொம்மை காணோம் என்று புகார் வந்ததும் ஏட்டு உக்கிரபாண்டிக்குச் சிரிப்புத்தான் வந்தது. பொம்மை இருந்த கொட்டகைக்குள் நுழைந்ததும் அது நின்றுவிட்டது.

தீப்பெட்டி கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் சுடலை, குப்பைக்குப் போகவேண்டியதையெல்லாம் பொறுக்கிவந்து ஒரு பொம்மைத் தெருவையே செய்து நிறுத்தியிருந்தார். நெளிந்த தகரம், ஒடிந்த குச்சி, அச்சுப் பிசகிய லேபிள். பொம்மை ஆட்கள் இரண்டிரண்டு பேராக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடியில் ஒரு பலகை மட்டும் காலி. தனியாகப் பொங்கித் தின்கிற ஏட்டுக்கு அந்த இடம் ஏனோ பிடிக்கவில்லை.

"அங்கன ஒரு ஆளு செவுத்தப் பாத்து உக்காந்திருக்கும், ஏட்டையா. பசை போட்டு ஒட்டியிருந்தேன். நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து ஓவிய வாத்தியார் வாராக. ஏழு வருசத்துல இதப் பாக்கணும்னு வாரவுக அவுக ஒருத்தருதான். அந்த ஆளு இல்லாம என்னத்தக் காட்ட?"

உக்கிரபாண்டி பலகையைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை, கிழிசல் இல்லை. விரலில் லேசான ஈரம்.

கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. உள்ளே வந்து போகிறவர்கள் மூன்றே பேர்.

8.00. கொட்டகைக்காரர் கோட்டைச்சாமி. "காலி பண்ணச் சொன்னேன், நெசந்தான். ஒத்தப் பொம்மைய எடுத்து எனக்கென்ன ஆகப்போகுது?"

8.40. பழைய தகர வியாபாரி முனியசாமி. "வெலைக்குக் கேட்டேன், குடுக்கல. அம்புட்டுத்தான்."

9.15. சுவரை ஒட்டின அடுத்த வீடு. வள்ளித்தாய், ஒண்டிக்கட்டை. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கொட்டகைக்குள்ள போவியாம்மா?"

"தண்ணி குடுக்கப் போவேன்."

சொல்லும்போதே லேபிள் ஒன்று கோணலாக ஒட்டிக்கொண்டது. அதன்மேல் ஈரத்துணியை வைத்தாள். சற்றுப் பொறுத்து, கிழியாமல் முழுசாக உரித்தெடுத்தாள்.

"கோட்டைச்சாமின்னா மிதிச்சு ஒடச்சிருப்பாரு. முனியசாமின்னா பிச்சு எடுத்திருப்பாரு," என்றார் உக்கிரபாண்டி. "ஈரத்துணி போட்டு, பசை ஊறுற மட்டும் காத்திருந்து, நோகாம எடுக்க ஒட்டுற கைக்குத்தான் வரும். நீதான் எடுத்திருக்க, வள்ளித்தாய்."

பானைக்குப் பின்னாலிருந்து பொம்மையை எடுத்து வைத்தாள்.

"எல்லாத்துக்கும் பேச ஆளு இருக்கு. இது மட்டும் தெருவுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்கு. அது நான்தான்னு யாருக்குத் தெரியாது? நான் தனியாக் கெடக்கத மெட்ராஸ்காரவுக வேற வந்து பாக்கணுமா?"

ஏட்டோடு வந்து வாசலில் நின்றிருந்த சுடலை உள்ளே வந்தார்.

"அது நீயில்ல, வள்ளித்தாயி," என்றார். "நானு."

வள்ளித்தாய் பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கன ஒட்டணும்? வந்து காட்டுங்க."