தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

செல்போன் அலறியது!

ஜனாயின் போலீஸ் ஸ்டேஷனின் தலைமை அதிகாரி மேஜர் இஸ்மத், பாதி முகத்தில் நுரையோடு போனை எடுத்தார்.

"பாஷா..." அந்த ஊரில் போலீஸ் அதிகாரி எல்லாருமே பாஷாதான். "கான்ஸ்டபிள் மஹ்ரூஸ் பேசறேன்... காபிக்கடைத் தெருவுல ஒரு பொணம்!"

ரேஸர் கன்னத்தைக் கீறியது.

"யாருடா?"

"சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விப்பானே, ஸக்லூல். பைக்ல வந்த ரெண்டு பேர் ஒரு பொண்ணோட பையைப் பறிச்சிருக்கானுங்க. இவன் குறுக்க பாஞ்சு மறிச்சிருக்கான். வயித்துல கத்தி..."

"பாத்தது யாரு?"

"காபிக்கடைக்காரன் பாத்தான், பாஷா. இப்ப பாக்கலைங்கறான்."

"புத்திசாலி! இன்னிக்கு என்ன நாள்னு தெரியும்ல?"

மஹ்ரூஸுக்குத் தெரியும். அலெக்ஸாண்ட்ரியா போலீஸ் முழுக்கத் தெரியும்.

தலைமையகச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. குற்றம் கூடிய பேட்டைக்குச் சிவப்பு, குறைந்த பேட்டைக்குப் பச்சை. ஒரு காலத்தில் ஜனாயின் என்றால் டாக்ஸிக்காரன் கூட வர மாட்டான். அவ்வளவு சிவப்பு! ட்ராம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மல்லாஹாதான் பச்சை. பெண்ணைப் பெற்றவர்கள் அங்கேதான் வீடு தேடினார்கள்.

இஸ்மத் வந்தார். ஜனாயின் வருஷா வருஷம் வெளுத்துப் பச்சையானது. புதுக் காபிக்கடைகள் முளைத்தன, வாடகை ஏறியது. மல்லாஹா சிவந்தது.

திருடர்கள் வீடு மாறினார்களா? அட, நீங்கள் வேறு! புகார்கள்தான் வீடு மாறின.

"மத்தியானம் எனக்கு மெடல்டா!" இஸ்மத் பல்லைக் கடித்தார். "பொணத்தை ஜீப்ல ஏத்து. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போட்டுட்டு வா!"

"பாஷா... பாவம்..."

"பாவத்தை என் கணக்குல எழுதிக்க. கிளம்பு!"

* * *

ஸக்லூலின் அக்கா தவ்ஹீதா ஸ்டேஷனுக்குள் ஓடி வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது.

"என் தம்பியைக் கொன்னுட்டாங்க பாஷா! கேஸ் எழுதுங்க!"

இஸ்மத் சீருடையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"உடம்பு எங்கம்மா கிடக்கு?"

"மல்லாஹாவுல... உப்புக்கிடங்குச் சுவரோரம்..."

"அப்ப மல்லாஹா ஸ்டேஷனுக்குப் போ."

"அவன் வண்டி உங்க தெருவுல நிக்குது பாஷா! அடுப்பு இன்னும் சுடுது! கிழங்கு உள்ளயே கரிஞ்சு கிடக்கு! வேகுற கிழங்கை விட்டுட்டு அவன் எதுக்கு அந்தப் பக்கம் போனான்?"

"சிகரெட் வாங்கப் போயிருப்பான்."

"அவன் சிகரெட்டே குடிக்க மாட்டான்!"

"நல்ல பையன். அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும். ஜனாயின்ல குற்றம் நடக்கறதில்லம்மா. அடுத்த ஆளு!"

அடுத்த ஆள் யாரும் இல்லை. புகாரே வராத ஸ்டேஷன் அது.

* * *

மல்லாஹா அதிகாரி மேஜர் லபீப் உடம்பின் பக்கத்தில் குந்தியிருந்தார். போர்த்தியிருந்த செய்தித்தாளை விலக்கினார்... சிரித்தே விட்டார்!

"இங்க பாரும்மா. வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கான். அடக்கம் பண்ற மாதிரி முகம் மக்கா பக்கம், கிப்லாவைப் பாத்து. கண்ணை மூடி விட்டிருக்கான். கத்தியால குத்தினவன் இதெல்லாம் செய்வானா?"

தவ்ஹீதாவுக்கு உறைத்தது.

"அப்ப... தூக்கிட்டு வந்து..."

"அல்லாஹ்வுக்குப் பயந்த போலீஸ்காரன் எவனோ! இது ஜனாயின் சரக்கு. அங்கயே போ."

"இவ்வளவு தெரிஞ்சும் நீங்க எழுதக் கூடாதா பாஷா? கேஸ் இல்லாம அடக்கம் பண்ண விட மாட்டாங்க. இந்த வெயில்ல... பொழுது சாயறதுக்குள்ள மண்ணுக்குள்ள வைக்கணுமே!"

லபீப் எழுந்தார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"எழுதினா என் பேட்டை இன்னும் சிவக்கும். இப்பவே தலைமையகத்துல என்னைப் பாத்தா தேநீர் கூடக் குடுக்க மாட்டேங்கறான்."

அவள் மறுபடி ஜனாயினுக்கு ஓடினாள். மேஜர் விழாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். திரும்பி மல்லாஹாவுக்கு ஓடினாள். அந்த மேஜரும் விழாவுக்குத்தான் போயிருந்தார்.

இரண்டு ஸ்டேஷன்கள் இருந்தும் கேட்க நாதியில்லை. சுவரோரம் உட்கார்ந்து தம்பி மேல் மொய்த்த ஈயை விரட்டினாள். வேறென்ன செய்வாள்?

* * *

கைதட்டல்! மெடல்!

ஜெனரல் மைக்கைப் பிடித்தார்.

"சிவந்த பேட்டையைப் பச்சையாக்கின கை இந்தக் கை! அதனாலதான் இன்னிக்கே இஸ்மத்தை மல்லாஹாவுக்கு மாத்தறேன். லபீப் பாவம், களைச்சுப் போயிட்டார். அமைதியான ஜனாயினை அவர் பாத்துக்கட்டும்!"

இஸ்மத்தின் புன்னகை அப்படியே உறைந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து அவரே மடியில் கட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மல்லாஹா ஸ்டேஷன் கதவைத் தள்ளிக்கொண்டு தவ்ஹீதா நுழைந்தாள்.

"புது அதிகாரி வந்திருக்காராமே, அவராவது..."

நாற்காலி திரும்பியது.

இஸ்மத்!

தவ்ஹீதாவுக்கு அழவும் தெம்பில்லை. இஸ்மத் அவளைப் பார்க்காமல் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"லபீப்! கொலை நடந்தது உன் தெருவுலய்யா!"

"ஜனாயின்ல குற்றமே கிடையாதுன்னு சொல்லித்தானே மத்தியானம் மெடல் வாங்கினீங்க?" மறுமுனையில் லபீப் சாவகாசமாகச் சொன்னார். "உங்க பேரைக் கெடுக்க எனக்கு மனசு வரல பாஷா!"

போன் செத்தது. இஸ்மத் தன்னோடு மாற்றிக் கூட்டி வந்திருந்த கான்ஸ்டபிளிடம் திரும்பினார்.

"மஹ்ரூஸ்! பொணத்தைத் திருப்பிக் கொண்டு போ! முட்டாளே, இந்தத் தடவை கிப்லா பாத்துப் படுக்க வைக்காதே!"

ஜீப் ஜனாயின் ஸ்டேஷனுடையது, தரமாட்டோம் என்றார்கள் லபீபின் ஆட்கள். மஹ்ரூஸ் போய் ஸக்லூலின் கிழங்கு வண்டியையே தள்ளிக்கொண்டு வந்தான். உடம்பை ஏற்றும்போது அழுதான். ஆனாலும் முகத்தைக் கிப்லா பக்கம்தான் திருப்பி வைத்தான். தவ்ஹீதா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

தண்டவாளத்தின் மேல் வண்டி ஏறியது.

எதிரே லபீபின் ஆட்கள் கைகோத்து வரிசையாக மறித்தார்கள். பின்னால் இஸ்மத்தின் ஆட்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அக்கா, தம்பி, கிழங்கு வண்டி.

மணியடித்துக்கொண்டு ட்ராம் வந்தது. கிறீச்சிட்டு நின்றது. பள்ளிவாசலில் அந்திநேர மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பொழுது சாய்ந்தே விட்டது.

ட்ராம் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்.

"ஏம்மா! வண்டியை ஓரமாத் தள்ளு!"

தவ்ஹீதா அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள்.

"தள்ளிடறேன் தம்பி... எந்த ஓரம்னு மட்டும் கேட்டுச் சொல்லு!"