ஆயிரத்தொன்பதாவது பெட்டி

கொட்டகலைக் கடைத்தெருவில் துப்பறியும் மயில்வாகனத்தின் அறைக்குள் நுழைந்ததுமே அம்மாக்கண்ணு பேசத் தொடங்கிவிட்டாள்.

“என் வீட்டுக்காரரு மூக்கன், தோட்டத்து ஸ்டோர் காவக்காரருங்க. தேயிலைப் பெட்டி ஒண்ணக் களவெடுத்தாருன்னு போலீஸ்ல புடிச்சு அடைச்சுட்டாங்க. நாளைக்குக் கோர்ட்டு. நாங்க இருக்கிற லயத்து வீட்டயும் காலி பண்ணச் சொல்றாங்க. புள்ளைங்களோட நான் எங்கங்க போவேன்?”

துறைமுக வேலைநிறுத்தத்தால் பெட்டிகள் ஸ்டோரில் தேங்கியிருந்தன. கங்காணி எண்ணிச் சொல்ல, புதுக் கிளாக்கர் எழுதிய கணக்கில் ஆயிரத்தொன்பது. மறுநாள் லாரியில் போய் நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியவை ஆயிரத்தெட்டு. இடையில் இருந்த இரவில் சாவி மூக்கனிடம்.

“லாரிக்காரன் வேலையா இருக்கும், ஐயா!” என்று மயில்வாகனத்தின் உதவியாளன் துள்ளினான்.

“பொறு. பெட்டிய எப்படிம்மா அடுக்கியிருந்தாங்க?”

“செவுரு மாதிரிங்க. எல்லா வரிசையும் சமம், ஒசரமும் சமம். எண்ணி முடிச்சதும் தோட்டத்து மேனேஜர் தொரையே சுத்திப் பாத்து மெச்சினாரு.”

“எத்தனை வரிசை?”

“அது யாருக்குங்க நெனப்பிருக்கு?”

மயில்வாகனம் சிலேட்டை எடுத்து ஆயிரத்தொன்பதை வகுக்க ஆரம்பித்தார். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதைதான். அம்மாக்கண்ணுவுக்கு அந்தச் சிலேட்டைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போலிருந்தது.

பிற்பகலில் தோட்டத்து ஆபீசில் துரை, கிளாக்கர், ஸ்டோர் கங்காணி அழகன் மூவரும் இருந்தார்கள். அம்மாக்கண்ணு வாசலிலேயே நின்றாள்.

“தொரை, நீங்க பாத்தப்ப அடுக்குல குறையோ மிச்சமோ இருந்துச்சா?”

“இல்லை.”

“அப்போ அங்கே ஆயிரத்தொன்பது இருந்திருக்க முடியாது. சமமா அடுக்கணும்னா எண்ணிக்கை மிச்சமில்லாம வகுபடணும். இந்த எண் எதாலயும் வகுபடாது. முப்பத்தொண்ணு வரைக்கும் பாத்துட்டேன். முப்பத்திரண்ட முப்பத்திரண்டால பெருக்கினாலே இதத் தாண்டிடும். அதனால மேல பாக்க வேண்டியதில்ல.”

“ஒரே வரிசையா வச்சிருக்கலாமே?” என்றார் கிளாக்கர்.

“வைக்கலாம். ஸ்டோர் டயகம ஊரு வரைக்கும் நீளணும்.”

மயில்வாகனம் கங்காணியிடம் திரும்பினார்.

“அன்னைக்கு எண்ணின மாதிரியே இப்ப எண்ணுங்க.”

“லாபம், ரெண்டு, மூணு...” என்றான் அழகன். முதலாவதை ஒன்று என்னாமல் லாபம் என்பது நெல் அளந்த காலத்து வழக்கம்.

கொழும்பிலிருந்து வந்த கிளாக்கர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“லாபம்னது சாமிக்குச் சொல்றதுன்னு நெனச்சேன். கடைசியா ஆயிரத்தெட்டுன்னாரு. முதல் பெட்டி விட்டுப்போச்சேன்னு ஒண்ணு சேத்துப் போட்டேன்.”

“விட்டுப்போகல. அதுக்கடுத்தத ரெண்டுன்னுதானே சொன்னாரு? ஆயிரத்தெட்டு இருந்துச்சு, ஆயிரத்தெட்டும் போய்ச் சேந்துச்சு. களவே நடக்கல.”

துரை நாற்காலியைவிட்டு எழுந்தார். “அப்ப எடுத்தேன்னு மூக்கன் ஏன் ஒத்துக்கிட்டான்?”

அம்மாக்கண்ணு உள்ளே வந்தாள்.

“அடி தாங்காமங்க, தொரை. ஒரு பெட்டியான்னு கேட்டாங்க, ஆமான்னாரு. ஆயிரமான்னு கேட்டிருந்தா ஆயிரத்துக்கும் ஆமான்னுதாங்க சொல்லியிருப்பாரு.”