வலது மடிப்பு

அவன் அங்கியின் வலது மடிப்பு மேலே இருக்கிறது. சொன்னால் சிரிப்பான். சொல்லாமல் விட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பார்ப்பார்கள்.

சயோகோ அறை வாசலிலேயே நின்றாள். வெந்நீர்க் குளியலிலிருந்து அப்போதுதான் மேலே வந்திருந்தாள். ஈரத் துண்டு தோளில் கிடந்தது. மத்தியானத்திலிருந்து காணாமல் போயிருந்த கணவன் வந்துவிட்டான். ஓடிப்போய் அவன் முதுகில் இரண்டு வைக்க வேண்டிய நேரம். அவள் கண்ணோ அவன் கழுத்துப் பட்டியை விட்டு நகர மறுத்தது.

இசாமு தாழ்ந்த மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். விடுதி கொடுத்த நீலக் கோடு போட்ட பருத்தி அங்கியை நேர்த்தியாகத்தான் கட்டியிருந்தான். ஆனால் மாற்றிக் கட்டியிருந்தான். இடது மடிப்பு மேலே வர வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சட்டைக்குள் கை நுழைக்கும் வயதிலேயே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. வலதை மேலே போட்டுக் கட்டுவது சவப்பெட்டியில் கிடத்தப்படுகிறவர்களுக்கு. போன வருடம் அப்பாவுக்கு அவளே அப்படிக் கட்டினாள்.

"எப்போ வந்த?"

"இப்பதான்."

"கீழ ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல? பயத்துல பாதி உசுரு போயிடுச்சு."

"புருஷனக் காணோம், பொண்டாட்டி வெந்நீர்ல ஊறிட்டு இருக்கா. ரொம்ப நல்லா இருக்கு."

அவனுடைய குரல்தான், அவனுடைய குத்தல்தான். அவளுக்கு மூச்சு வந்தது. விடுதிக்காரி கிக்குயோதான் அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் குளிக்க அனுப்பியிருந்தாள். "உதடு நீலமாயிடுச்சு பாருங்க. மலைக் காவல்காரங்களுக்குச் சொல்லியாச்சு, மேல தேடிட்டு இருக்காங்க. ஆள் வந்தா நானே வந்து கூப்பிடறேன்" என்றிருந்தாள். கூப்பிடவில்லையே என்று சயோகோ நினைத்தாள். மறந்திருப்பாள்.

நாலரைக்கே வெளியே இருட்டிவிட்டது. ஜன்னலில் பாதிக்கு மேல் ஏறியிருந்த பனி, கண்ணாடியை மெல்ல அழுத்தும் ஓசையும், கூரையின் பாரத்தில் உத்திரம் முனகும் ஓசையும், அறையைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பு உள்ளுக்குள் டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும் ஓசையும் மாறி மாறிக் கேட்டன. மண்ணெண்ணெய் வாசனை. புதுப் பாயின் புல் வாசனை. அவனிடமிருந்து மட்டும் எந்த வாசனையும் வரவில்லை, வியர்வையோ சறுக்குப் பலகையில் தேய்க்கும் மெழுகோ.

அவன் தலைமுடியில் பனி இருந்தது. அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது.

மணமாகி இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. தேனிலவுக்குத் தெற்கே கடலுக்குப் போகலாம் என்று அவள் சொன்னாள், பனிதான் என்றான் அவன், சரி என்றாள். திரைச்சீலையின் நிறத்துக்குச் சரி, வேலையை விடுவதற்குச் சரி, குடும்பப் பெயரை மாற்றியதற்குச் சரி. அந்தச் சொல் அவள் வாயில் எச்சில் போல ஊறிக்கொண்டே இருந்தது. இன்று மத்தியானம் பனிச்சறுக்குக்குப் போன மலை உச்சியில், யாரும் தாண்டக் கூடாதென்று மரக்காட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றின் முன்னால்தான் முதல்முறையாக அது வரவில்லை.

"இந்தக் கயிறெல்லாம் உன்ன மாதிரி ஆளுக்குக் கட்டினது, சயோ."

"அப்போ நான் இந்தப் பக்கமே இருந்துக்கறேன். என்ன மாதிரி ஆளுதானே."

அவன் சிரித்துக்கொண்டே கயிற்றின் கீழ் குனிந்து போனான். மரங்களுக்குள் சிவப்புச் சட்டை இரண்டு தடவை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

"உக்காரு" என்றான் இப்போது. "குளிர்ல வந்திருக்க."

வெந்நீரிலிருந்து வந்தவளிடம் சொல்கிறான். அவள் எதிரே உட்கார்ந்தாள். அவன் கோப்பையில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினான். அதன் மேல் குடுவையிலிருந்து வெந்நீரை ஊற்றி, அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் தொடவில்லை. அப்பாவின் உடம்பைத் துடைக்க அந்த வரிசையில்தான் தண்ணீர் கலந்தார்கள். வீட்டில் கலக்கும்போது வெந்நீரில்தான் பச்சைத் தண்ணீரை விட வேண்டும். கைதவறிக்கூட மாறாது. மாறினால் அம்மா பாத்திரத்தோடு கொட்டிவிடுவாள்.

பனி இப்போது அவன் தோளிலும் இருந்தது. முதலில் இல்லை. அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், முதலில் இல்லை.

மூலையில் தொலைபேசி அடித்தது.

"ஒகுசான்" என்றாள் கிக்குயோ. மனைவிமாரை அழைக்கும் அந்தச் சொல் இன்னும் பழகாத செருப்பு மாதிரி இருந்தது. "மன்னிக்கணும். காவல்காரங்க கேக்கறாங்க. பனி கனமாயிட்டே இருக்காம், தேடறத நிறுத்தலாமான்னு பாக்கறாங்க. ஒருவேளை ஆள் வேற வழியா எறங்கி வந்துட்டாரான்னு..."

"வந்துட்டேன்னு சொல்லு" என்றான் இசாமு.

மெதுவாகத்தான் சொன்னான். உதடு சரியாக அசையவில்லை.

சயோகோ ரிசீவரை இறுகப் பிடித்தாள். "நீங்க... வாசல்ல யாரும் வந்ததப் பாக்கலையா?"

"நான் இங்கேயேதான் உக்காந்திருக்கேன். ஒரு ஈ காக்கா வரல. உலர்த்தற அறையில உங்க பூட்ஸ் மட்டும்தான் தொங்குது. ஏன்?"

"சொல்லு, சயோ. பாவம், அவங்களும் குளிர்ல நிக்கறாங்க. போதும், தேட வேண்டாம்னு சொல்லிடு."

வாயில் அந்தச் சொல் ஊறியது. சரி. எவ்வளவு எளிது. இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான், கண்ணால் பார்க்கிறாள். சொல்லிவிட்டால் தேடுகிறவர்களின் விளக்குகள் இறங்கி வந்துவிடும். மலை இருட்டாகிவிடும். மரக்காட்டில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், பனிக்கு அடியில், மூச்சுக்குப் பிடி அளவு இடத்தோடு ஒருவன் கிடந்தால் அவன் அங்கேயே கிடப்பான்.

கழுத்துப் பட்டியைப் பார்த்தாள். வலது மேலே.

"வரல" என்றாள் தொலைபேசியில். குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. "அவர் வரல. நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. உச்சியில கயிறு கட்டின எடம், அதுக்கு இடது பக்கம் மரக்காடு. சிவப்புச் சட்டை. அங்க தோண்டச் சொல்லுங்க. யார் என்ன சொன்னாலும், நானே மறுபடி போன் பண்ணிச் சொன்னாலும், நிறுத்தாதீங்க."

"சரிங்க, ஒகுசான்."

வைத்தாள்.

அறையில் டிக் டிக் நின்றிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூச்சு புகையாக வந்தது, அவளுடையது மட்டும்.

"நீயும் என்கூட வந்திருக்கலாம்" என்றான்.

"இருக்கலாம். வரல."

"உன்னாலதான் நான் தனியா இருக்கேன்."

"நீயாதான் போன. நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன்."

பனி அவன் மார்பு வரை ஏறியிருந்தது. பாயிலிருந்து. ஓசையில்லாமல். அங்கியின் கோடுகள் மறைந்தன. கழுத்துப் பட்டி மறைந்தது. இமைகளில் பனி. வாயில் பனி. கண் மட்டும் அவளைப் பார்த்தது.

பனிக்குள்ளிருந்து கை வந்தது. தட்டில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தது. கிக்குயோ தேநீரோடு வைத்துவிட்டுப் போன முள்ளங்கி ஊறுகாயில் ஒரு துண்டைப் பற்றியது. வெள்ளைத் துண்டு. அவள் பக்கம் நீட்டியது.

இன்னொரு ஜோடிக் குச்சிகள் அவள் முன்னால் இருந்தன.

தகனத்துக்குப் பிறகு அம்மா இப்படித்தான் நீட்டினாள். சயோகோ தன் குச்சிகளால் வாங்கினாள். அப்பாவின் விரல் எலும்பு. இவ்வளவுதான் இருந்தது. இதே வெள்ளை. குச்சியிலிருந்து குச்சிக்கு வாங்கினால் முடிந்தது. ஆள் போய்ச் சேர்ந்தான் என்று ஒப்புக்கொண்டாயிற்று.

"வாங்கிக்கோ" என்றது. இப்போது வாயே தெரியவில்லை. "சயோ. இது ஒண்ணுதான்."

ஜன்னலில், பனிக்கு மேலே மிச்சமிருந்த கண்ணாடித் துண்டில், மலைச்சரிவின் விளக்குகள் சின்னச் சின்னதாக ஏறிக்கொண்டிருந்தன. கீழே இறங்கவில்லை.

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். தன் அங்கியின் இடது மடிப்பு மேலே இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

எதிரே முகம் மூடிப்போயிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வெறும் பனிக்குவியல். அதற்கு வெளியே முழங்கை வரை ஒரு கை, நீலம் பாய்ந்து, துளிகூட நடுங்காமல், வெள்ளைத் துண்டை நீட்டியபடி.

"வாங்க மாட்டேன்" என்றாள் சயோகோ மெதுவாக.

கை இறங்கவில்லை.