திரும்பச் சொல்லுங்க

சுண்டுவின் மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. விடிந்ததிலிருந்து அம்மாவோடு சேர்ந்து கல்லூரி விடுதியின் போர்வைகளைப் பிழிந்திருந்தாள். இப்போது அதே கையால் மூன்று மணி நேரம் பரீட்சை எழுத வேண்டும். அதுவும் அவளுடைய பரீட்சை இல்லை.

எதிரே இருந்த நெட்டை அண்ணனுடையது. அவன் கல்லூரி மாணவன். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் படிக்கப் போனால் எழுத்துகள் குழம்பும், எழுதினால் இன்னும் மோசம். அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அதனால் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். அவர் அவனைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. வர வேண்டியவர் வரவில்லை. விடுதியில் போர்வை பிழிந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புச் சுண்டுவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"கேள்வியைப் படி. அவர் சொல்றதை எழுது," என்றார் மேற்பார்வையாளர். "காதுல விழலைன்னா 'திரும்பச் சொல்லுங்க'ன்னு கேட்கலாம். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம்.

"டேய் நெட்டை, பாப்பாவுக்குப் பால் பாட்டில் கொண்டுவந்தியா?"

நெட்டை அண்ணன் எழுந்துவிட்டான். "வேணாம் சார். நான் போறேன்."

"ரெண்டு தடவை தோத்தாச்சு. இப்பவும் போனா கல்லூரியிலேருந்தே பேரை அடிச்சிடுவாங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"அடிக்கட்டும். எழுதத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?"

அவன் கதவை நோக்கி நடந்தான். அவனைத் தடுக்கச் சுண்டுவுக்கு அனுமதி இல்லை. படிக்கத்தான் அனுமதி. அவன் முதுகைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"ஒன்று. ஆறு ஏன் வளைந்து ஓடுகிறது?"

"வெளிப்பக்கக் கரையை அரிக்கும், உள்பக்கம் மண்ணைச் சேர்க்கும்," என்று அவன் கதவிடம் முணுமுணுத்தான்.

"திரும்பச் சொல்லுங்க."

அவன் சத்தமாகச் சொன்னான்.

"திரும்பச் சொல்லுங்க."

"காது கேக்காதா உனக்கு?" கோபமாக வந்து தாளைப் பார்த்தான். ஒரு வரி ஏற்கெனவே எழுதியிருந்தது. "முதல் தடவையே எழுதிட்டியா?"

"திரும்பச் சொல்லுங்க," என்றாள் சுண்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

மேற்பார்வையாளர் மீசைக்குள் சிரித்தார். நெட்டை அண்ணன் உட்கார்ந்தான்.

அதன் பிறகு அவன் சொன்னான், சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். சுண்டுவின் விரல்கள் மரத்துப் போயின. நடுவில் அவன் நிறுத்தினான்.

"கை உன்னோடது. எழுத்து உன்னோடது. இதுல நான் எங்க இருக்கேன்?"

சுண்டு அதையும் எழுதப் போனாள்.

"ஐயோ, அதை எழுதாதே!"

நான்கு கேள்விகள் முடிந்தன. ஐந்தாவதைப் படித்ததும் அவன் முகம் மாறியது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. வாயைத் திறந்தான். மணி அடித்தது.

மேற்பார்வையாளர் தாளை எடுத்துக்கொண்டார். "விதிப்படி உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா உண்டு. ஆனா அதுக்கு ஆபீஸ்லேருந்து கடிதம் வரலை. நான் என்ன செய்ய?"

பரீட்சை முடிந்ததால் சுண்டுவுக்கு இப்போது வாய் வந்தது. "வாங்கண்ணா, போய்க் கேட்போம்."

"கேட்டா, நான் யாரு, எனக்கு என்னன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது. நான் நீங்க இல்லையே."

ஆபீஸில் ஏகப்பட்ட கூட்டம். ஜன்னலுக்கு வெளியே சிரித்தவர்களும் அங்கே இருந்தார்கள். நெட்டை அண்ணன் எழுத்தரின் மேசை முன்னால் போய் நின்றான். இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.

"சார், எனக்கு எழுத்து நிக்காது. பாடம் நிக்கும். என் ஒரு மணி நேரத்தைக் கொடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் தலையை நிமிர்த்தவும் இல்லை.

"விடைத்தாள் கட்டு கிளம்பியாச்சு, தம்பி. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் போனான். அதற்கடுத்த வாரமும் போனான். கல்லூரி அவனுக்குத் தர வேண்டிய ஒரு மணி நேரம் இன்னும் பாக்கி.