வியாழக்கிழமைத் தண்ணீர்

தெலெஸ்ஃபோர் பின்னுக்கு எடுத்த வண்டி போய் முட்டிய இடம் ஒஃபீலியாவின் மடை. சரியாகச் சொன்னால், அதுவரை மடை இருந்த இடம். கடன் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், ஏணியைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, மடைப்பலகையைச் சுக்குநூறாக்கியிருந்தான்.

மடை உடைந்தால் வெள்ளம் வரும், வெள்ளம் வந்தால் மிளகாய் நாற்று போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். செருப்பை உதறிவிட்டு, உடம்பையே அணையாக வைத்துத் தடுக்கும் உத்தேசத்தோடு வாய்க்காலில் குதித்தான். கீழே ஈரச்சேறுதான் இருந்தது. நடுவில் ஒரே ஒரு நூல் தண்ணீர், கணுக்காலைக்கூட நனைக்காமல், அவனைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது.

மண்வெட்டியோடு வந்த ஒஃபீலியா கரையில் நின்று பார்த்தாள்.

"என்ன, நீச்சலா?"

"மடைய ஒடச்சிட்டேன்."

"அது தெரியுது. தண்ணிய என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"இன்னிக்கு நீ பண்ணாதது அது ஒண்ணுதான் போல."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. தண்ணீர் இப்படி நிற்பது இது மூன்றாவது தடவையாம். முந்தைய இரண்டு செவ்வாய்க்கிழமைகளிலும் அவளுடைய பாசன முறையின்போது தண்ணீர் பாதியில் நின்றுபோனது. இந்தச் செவ்வாய் சான் இசித்ரோ ஊர்வலம். புனிதரின் சிலையைத் தூக்கிக்கொண்டு மடைக்கு மடை நின்று பாடிப் போகும் நாளில் யாரும் பாசனம் செய்வதில்லை. நேற்று ராத்திரி வாய்க்கால் மணியம் அப்ரான் தொலைபேசியில் அழைத்து, அவள் முறையை வியாழனுக்கு மாற்றியதாகச் சொன்னார். இன்று வியாழன். நாற்றுகள் தலை கவிழ்ந்து நின்றன.

"இன்னும் ஒரு வாரம் இப்படிப் போச்சுன்னா இந்த வருஷம் மிளகாய் இல்ல," என்றாள். "செனைடாவக் கூட்டிக்கிட்டு வர்றியா? வண்டிய முன்பக்கமா ஓட்டு."

செனைடா மாவட்டக் காவல் துறையில் துப்பறிந்து ஓய்வு பெற்றவள். இப்போது பள்ளிக்கூடக் கூடைப்பந்தாட்டங்களுக்கு நடுவர். கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும். ஊதாமலே பலரை நிறுத்திவிடும். அவளுடைய உதவியாளன் என்று தெலெஸ்ஃபோர் தன்னைச் சொல்லிக்கொள்வான். அவள் அதை மறுத்ததில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை. சவுசால் ஊரில் யாரும் எதற்கும் நேரான பதில் சொல்வது கிடையாது. தண்ணீர் வருமா என்றால் வானத்தைப் பார்ப்பார்கள். கல்யாணமா என்றால் நாயைக் கூப்பிடுவார்கள்.

வண்டியில் வரும்போதே அவன் வழக்கை முடித்துவிட்டான்.

"அந்தப் புதுக் குடித்தனக்காரன் ப்ரெண்ட்தான் அக்கா. மெசா ரோஸா நகர்ல முதல் வீடு. தோட்டத்துல குளம் வெட்டி வாத்து விட்டிருக்கான். இங்க மிளகாய் காயுது, அங்க வாத்து குளிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"வாத்து சாட்சி சொல்லுமா?" என்றாள் செனைடா.

ஆல்புகெர்க்கி நகரம் வடக்கே பரவிப் பரவி, மெசா ரோஸா என்ற பெயரில் வாய்க்கால் கரைவரை வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் 'நதியோரம் வாழுங்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். நதிக்கும் பலகைக்கும் நல்ல தூரம். புதிதாக வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் உரிமையைக் காட்ட வேண்டும். உரிமை இருந்ததோ மிளகாயும் குதிரைமசாலும் போடுகிறவர்களிடம். அவர்களிலும் ஒஃபீலியாவின் உரிமைதான் மிகப் பழையது. மெசா ரோஸாவைக் கட்டும் கம்பெனி ஆட்கள் அவளிடம் விலை பேசிவிட்டுப் போயிருந்தார்கள். விற்கிறவள் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வாய்க்கால் பங்காளிகள் கூட்டத்தில் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும். அவள் பங்கு போய்விட்டால் மிச்சத் தண்ணீர் வாய்க்காலின் கடைசி வரை தள்ளிக்கொண்டு வராது. கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

விற்பாளா என்று ஊரே அவளைக் கேட்டது. எல்லாருக்கும் அவள் சொன்ன பதில், "பாக்கலாம்."

மூவரும் வாய்க்கால் கரையோடு மேலே நடந்தார்கள். ப்ரெண்ட் வீட்டு எல்லையில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை நின்றது. இடுக்குகளில் புல்கட்டிகளை வைத்து மிதித்திருந்தார்கள். அடியில் ஒரு விரல் இடைவெளி. அதன் வழியேதான் அந்த நூல் தண்ணீர் கசிந்தது. மற்றதெல்லாம் பக்க மடை வழியாகக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்க மடையின் கம்பிகள் சுத்தமாக இருந்தன. அவற்றில் சிக்கியிருந்த களையும் பிளாஸ்டிக் புட்டியும் தாழ்ந்த பக்கத்துக் கரையில் குவிந்திருந்தன. குவியலை மண்வெட்டியால் தட்டித் தட்டையாக்கியிருந்தார்கள்.

செனைடா அதையே நின்று பார்த்தாள். பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று தெலெஸ்ஃபோருக்குப் புரியவில்லை. ஆனாலும் உதவியாளன் என்பதால் அவனும் பார்த்தான்.

ப்ரெண்ட் புல் வெட்டிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கூடையில் இருந்த புல்லை வாய்க்காலில் கொட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தான்.

"அந்தப் பலகை நீங்க வச்சதா?" என்று கேட்டாள் செனைடா.

"எந்தப் பலகை? ஓ, அதுவா? ஊர்க்காரங்க ஏதோ வேலை பண்றாங்கன்னு நெனச்சேன்."

"குளம் எப்படி நிறையுது?"

"தானா நிறையுதுங்க. வீடு வாங்கும்போதே இயற்கை நீரோடைன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ரெண்டு வாரமா செவ்வாய்க்கிழமை ஆனா ஏறுது. இந்த வாரம் நீங்க பாட்டுப் பாடிக்கிட்டுப் போனீங்களே, அன்னிக்கு ஒண்ணும் வரல. வாத்துக்குக்கூட ஏமாற்றம். இன்னிக்குக் காலையில பாத்தா ஏறியிருக்கு."

"அப்பாவி மாதிரி எப்படி நடிக்கிறான் பாருங்க," என்று தெலெஸ்ஃபோர் செனைடாவின் காதில் சொன்னான்.

"நல்லா நடிக்கிறவன் முதல்ல அந்தப் புல்லக் கொட்டியிருக்க மாட்டான்."

பக்கத்து வயலிலிருந்து டிராக்டரில் ஃபிதெல் வந்தான். வேலித் தகராறில் ஒஃபீலியாவோடு பேச்சை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. ஏசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"என்ன, எல்லாரும் வாய்க்காலுக்கு எழவு விசாரிக்க வந்தீங்களா?"

"எனக்குத் தண்ணி வரல," என்றாள் ஒஃபீலியா.

"இன்னிக்கு எதுக்கு உனக்குத் தண்ணி? உன் செவ்வாய்க்கிழமையத்தான் சான் இசித்ரோ எடுத்துக்கிட்டாரே. போய்ச் சாமிகிட்ட சண்ட போடு."

"ஃபிதெலும் சந்தேகத்துக்குரியவன்தான் அக்கா," என்றான் தெலெஸ்ஃபோர், மறுபடியும் காதில். அன்று காலை அவன் யாரையும் விட்டுவைப்பதாக இல்லை.

"அப்ரானக் கூப்பிடு," என்றாள் செனைடா.

வாய்க்கால் மணியம் அப்ரான் அவர்களை எதிர்பார்த்தவர் போல உடனே வந்தார். தோளில் மண்வெட்டி, தலையில் நாரில் முடைந்த தொப்பி. வந்த வேகத்தில் ப்ரெண்டை நோக்கிக் கைநீட்டினார்.

"இதுக்குத்தான் சொன்னேன் ஒஃபீலியா. இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சொட்டு வித்தோம்னா மிச்சத்த அவங்களே எடுத்துக்குவாங்க. வாத்துக்கு உன் மிளகா பலி."

"என்ன சொல்றாரு இவரு?" என்றான் ப்ரெண்ட்.

பேசிக்கொண்டே அப்ரான் குனிந்தார். ப்ரெண்ட் கொட்டிய புல் மிதந்து வந்து பக்க மடையின் கம்பிகளில் ஒட்டியிருந்தது. அதை மண்வெட்டியால் வாரி, தாழ்ந்த கரையில் போட்டு, இரண்டு தட்டுத் தட்டினார். பேச்சு நிற்கவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

செனைடா விசிலைக் கையில் எடுத்தாள். ஊதவில்லை.

"எல்லாரும் இங்க உக்காருங்க. கொஞ்ச நேரம்தான்."

ஃபிதெல் டிராக்டரிலேயே இருந்தான், மற்றவர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். ப்ரெண்ட் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டான். 

"தெலே சொல்றான், திருடன் குளத்துக்காரன்னு. பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கு. அப்படி இருக்கணும்னுதான் செஞ்சிருக்கு. ஆனா மடைக் கம்பியச் சுத்தம் பண்ணியிருக்கு பாருங்க. களைய வாரி தாழ்ந்த கரையில போட்டுத் தட்டியிருக்கு. கரை பலப்படணும்னு இங்க பொறந்தவங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம், யோசிக்காம. ப்ரெண்ட் குப்பைய வாய்க்காலுக்குள்ள கொட்டுறாரு. அவருக்கு மேல் கரை எது, கீழ் கரை எதுன்னே தெரியாது."

"அது உண்மைதாங்க," என்றான் ப்ரெண்ட்.

"ரெண்டாவது, பலகைக்கு அடியில ஒரு விரல் இடம். வேணும்னு விட்டது. ஒஃபீலியா வீட்டு ஆடு குடிக்கிறதுக்கு. முறைத் தண்ணிக்காக வெட்டிக்கிட்டாலும் குடிதண்ணிய யாரும் யாருக்கும் மறிக்கிறதில்ல, இந்த வாய்க்கால்ல அது வழக்கம். திருடும்போதும் வழக்கத்த மீற மனசு வராத திருடன் இவன்."

"அப்போ நம்ம பங்காளிதான்," என்றான் தெலெஸ்ஃபோர். சொன்னதும் வருத்தமாக இருந்தது. வாத்துக்காரனாகவே இருந்திருக்கலாம்.

"நம்ம பங்காளிதான். யாரு? குளம் செவ்வாய்க்கிழமைகள்ல ஏறிச்சு. இந்த வாரம் செவ்வாய்க்குப் பதிலா இன்னிக்கு. ஒஃபீலியாவோட முறை மாறினப்போ திருட்டும் கூடவே மாறிடுச்சு. ஃபிதெல், இன்னிக்கு அவ முறைன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு யாரு சொன்னா? இந்த வாரம் அவளுக்குத் தண்ணியே இல்லன்னு நான் சந்தோஷமா இருந்தேன்."

"முறை மாறினது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி தண்ணிய எதிர்பாத்து மண்வெட்டியோட நின்னவ. இன்னொருத்தர் நேத்து ராத்திரி போன் பண்ணி மாத்தினவர்."

யாரும் அப்ரானைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவருடைய மண்வெட்டியைப் பார்த்தார்கள்.

அப்ரான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "செடி சாகிற அளவுக்கு விட்டிருக்க மாட்டேன்," என்றார். "ஞாயித்துக்கிழமை காலையில நானே பலகைய எடுத்துடலாம்னு இருந்தேன். இவங்க மேல அவளுக்குக் கோவம் வரணும். அவ்வளவுதான். அவ வித்துட்டா இந்த வாய்க்கால் போச்சு."

"நான் விக்கிறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"விப்பியான்னு கேட்டேன். பாக்கலாம்னே."

"நீங்க சிரிச்சுக்கிட்டே கேட்டீங்க, நானும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அதுக்கு என் நாத்தக் காயப் போடுவீங்களா?"

 அப்ரான் எழுந்து, வாய்க்காலில் இறங்கி, புல்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பலகை பெயர்ந்து வந்ததும் தண்ணீர் சேற்று நிறத்தில் கீழே ஓடியது. ஃபிதெல் டிராக்டரை விட்டு இறங்கி, பக்க மடையை அடைத்தான். ப்ரெண்டுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் ஒரு கட்டியைத் தூக்கி, எந்தக் கரையில் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஒஃபீலியா தண்ணீரோடு கீழே நடந்தாள். உடைந்த மடையில் வைக்க அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு தெலெஸ்ஃபோர் பின்னாலேயே போனான். அவள் வயலை நெருங்கியபோதுதான் அவனுக்கு வாய் வந்தது. மூன்று வாரமாக ஊரே கேட்டு, ஊருக்கே கிடைக்காத பதில். தனக்கு மட்டும் கிடைத்துவிடுமா என்று நினைத்தாலும், சிரிக்காமல் கேட்டான்.

"ஒஃபீலியா. வித்துருவியா?"

அவள் நின்றாள். நாயைக் கூப்பிடவில்லை. வானத்தைப் பார்க்கவில்லை.

"மாட்டேன்," என்றாள். "அப்ரானுக்கும் இனிமே மணியம் கிடையாது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவர நீக்க நான்தான் முதல்ல கை தூக்குவேன்."